ஓடுதளம் போட்ட நிலம் திரும்ப வருமா?

உளுந்தூர்பேட்டையின் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் குறித்துக் கடலூர், சிதம்பரம் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு தேதி திரும்பத் திரும்ப வருகிறது: 1987 மார்ச் 10. போருக்காக எடுத்த நிலத்தை அதற்குள் விடுவித்திருக்க வேண்டுமே, தாத்தாவின் புஞ்சை என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள்.

கெடு உண்மை. 1970இல் மூன்று ஆண்டு என்று வைத்ததை நீட்டி நீட்டிப் பதினேழு ஆண்டாக்கினார்கள். ஆனால் அது தற்காலிகமாக எடுத்து வைத்திருந்த நிலத்துக்குத்தான். அதற்கு முன்பே நிரந்தரமாக ஆர்ஜிதம் செய்துவிட்டிருந்தால் கெடு உதவாது.

1942 ஏப்ரலில் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம் மீது ஜப்பான் குண்டு போட்டது. சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டைத் தளங்கள் அந்தப் போர்க்காலத்தவை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி நிலத்தை எடுக்க ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. போர் முடிந்தும் அந்த உத்தரவுகள் சாகவில்லை. அசையாச் சொத்தைத் தற்காலிகமாக எடுக்கவும் ஆர்ஜிதம் செய்யவுமான 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது.

அதன் 7ஆவது பிரிவுதான் என்னை உறுத்துகிறது. இரண்டே காரணங்களுக்காக நிலத்தை நிரந்தரமாக எடுக்கலாம். ஒன்று, அரசு தன் செலவில் அதில் எதையாவது கட்டி, அதைக் காப்பாற்ற விரும்புவது. இன்னொன்று, பழைய நிலைக்குக் கொண்டுவரச் செலவு மிக அதிகம் என்று அரசே முடிவு செய்து, நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப வாங்க உரியவர் மறுப்பது. மல்லாட்டை விளைந்த கொல்லையில் ஓடுதளம் போட்டது அரசு. பெயர்க்க ஆகும் செலவைச் சொல்வதும் அரசு. உடையவரைக் கேட்காமல் கொட்டிய ஜல்லியே அவர் நிலத்தை இழக்கக் காரணமாகிறது. இதற்குத்தான் ‘பொது நோக்கம்’ என்று பெயர்.

விலையிலும் அநியாயம் இருந்தது. எடுத்தபோதிருந்த நிலையிலேயே நிலம் இருப்பதாகக் கொண்டு ஆர்ஜித நாளின் சந்தை விலை, அல்லது முதலில் எடுத்த நாளின் விலையைப் போல இரு மடங்கு. இதில் எது குறைவோ அது என்றது சட்டம். பிறகு கமலாபாய் ஹர்ஜீவன்தாஸ் பாரேக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரு மடங்குக் கணக்கைச் செல்லாது என்றது.

உங்கள் நிலம் எந்த வகை? ஆர்ஜிதம் என்றால் அரசிதழில் அறிவிப்பு இருக்க வேண்டும்; சர்வே எண்ணோடு அதைத் தேடுங்கள், ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள்.

எந்த மாவட்டத்தில் கேட்பது? 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. தென்னாற்காட்டின் தலைமையிடமாக இருந்த கடலூரின் பழைய கோப்புகளை விட்டுவிடாதீர்கள்.

 

பயணிகள் விமானம் வருமா? உடான் திட்டப் பட்டியலில் ஊர் பெயர் உண்டு. அதை வைத்து மனைவிலை பேசுபவரை நம்பாதீர்கள்.