பேறு முடிந்த பின்னும் தொடரும் ஆபத்து

அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மாரிடையே 14.5 ஆக இருந்த மகப்பேற்று இறப்பு விகிதம், அதாவது கருவுற்ற காலத்திலோ பேறு முடிந்த 42 நாட்களுக்குள்ளோ அது சார்ந்த காரணங்களால் நேரும் இறப்பின் அளவு, கறுப்பினத் தாய்மாரிடையே 50.3 ஆக இருந்தது. வறுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. புகழும் செல்வமும் பெற்ற கறுப்பின டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், 2017இல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத்திணறலுக்கு ஆளாகி, நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கலாம் என்று தாமே எடுத்துச் சொன்னபோது, வலிமருந்தின் மயக்கத்தில் அவர் குழம்பியிருப்பதாகச் செவிலியர் எண்ணினார். பிறகு எடுத்த ஸ்கேன் அவர் சொன்னதையே உறுதிப்படுத்தியது.

கறுப்பினப் பெண்களின் சொல் மீதான இந்த அவநம்பிக்கையின் வேர் ஆழமானது. 1840களில் அலபாமாவில் அடிமைப் பெண்களை மயக்கமருந்தின்றி அறுத்துச் சோதித்த ஜே. மேரியன் சிம்ஸ், நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்த அவரது சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பன போன்ற பொய்க் கருத்துகளில் ஒன்றையேனும் வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பியதை, 2016இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

42 நாட்களோடு நிறுத்தாமல் பேறு முடிந்த ஓராண்டு வரை கணக்கிட்டால், கர்ப்பம் தொடர்பான இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை பேறு முடிந்து ஒரு வாரத்துக்குப் பின் நிகழ்கின்றன. ஐந்தில் நான்கு பங்குக்கு மேலானவை தடுக்கக்கூடியவை. ஆயினும், நாட்டின் பிரசவங்களில் பத்தில் நான்குக்குச் செலவளிக்கும் மெடிக்கெய்ட் என்னும் ஏழை எளியோருக்கான அரசுக் காப்பீடு, பேற்றுக்குப் பின் 60 நாட்கள் வரை தாய்க்குப் பாதுகாப்பளித்தால் போதும் என்பதே நெடுங்கால விதியாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அதை ஓராண்டாக நீட்டிக்கும் வழி மாநிலங்களுக்குத் திறக்கப்பட்டு, பெரும்பாலானவை அதை ஏற்றது காலம் தாழ்ந்தேனும் வந்த நல்ல மாற்றமாகும்.

உடலினும் மனம் இங்கு அதிகம் புறக்கணிக்கப்படுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் துயரம், குற்றவுணர்வு, உறக்கமின்மை ஆகியவற்றோடு சில வேளை தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவரும் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோல் எளிதில் இனங்காண உதவுகிறது. எனினும், மனத்துயரைச் சொன்னால் குழந்தைநல அதிகாரிகள் பிள்ளையைப் பிரித்துவிடுவர் என அஞ்சும் தாய், அவ்வினாக்களுக்கு உண்மையான விடையளிக்கத் தயங்குவது இயல்பே. நியூ ஜெர்சியில் மெடிக்கெய்ட் பெற்ற தாய்மாரைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், பேற்றுக்குப் பின் மனநலச் சிகிச்சையைத் தொடங்கியோர் வெள்ளையினத்தவரில் 9 சதவீதமாகவும் கறுப்பினத்தவரில் 4 சதவீதமாகவும் இருந்தனர். ஆகவே, படிவத்தை நிரப்பச் செய்வதோடு நில்லாமல், தாய் நம்பிப் பேசக்கூடிய ஒருவரை அவளருகே அமர்த்துவதே முதன்மையான தேவையாகும். பேற்றுக்கு முன்னும் பின்னும் உடனிருந்து ஆதரவளிக்கும் டூலா எனப்படும் துணைவர்களுக்கு மெடிக்கெய்ட் வழியே ஊதியம் வழங்கப் பல மாநிலங்கள் இப்போது முன்வந்துள்ளன.