பெயர்களை முறித்த இருபது பைற்றுகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய அங்கத்தவர் பதிவேடு இருக்கிறது. இடப்பெயர்வுகளுக்குத் தப்பி எஞ்சியது. கறையான் தின்பதற்குள் அதனைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று போன வருடம் முன்வந்தேன். பெயர்களைத் தட்டச்சுச் செய்து, ஒழுங்குபடுத்த ஒரு சிறிய நிரலும் எழுதினேன். புதிய கோப்பைத் திறந்தால் நீளமான பெயர்கள் எல்லாம் பாதியில் முறிந்து, கடைசியில் கேள்விக்குறி முளைத்திருந்தது.

பிழை என்னுடையதுதான். நான் நிரலாக்கம் பழகியது கியூபேசிக்கில். அங்கே ஒரு பெயருக்கு இருபது இடம் ஒதுக்குவோம். 'எல்ஓஎஃப்' கோப்பின் நீளத்தைப் பைற்றுகளில் சொல்லும். அதனை இருபதால் வகுத்தால் எத்தனை பெயர்கள் என்பது வந்துவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைற்று என்பதால் கணக்குப் பிசகாது. அதே பழக்கத்தில் பைதனிலும் பெயருக்கு இருபது பைற்று ஒதுக்கினேன்.

தமிழுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 'சிவபாக்கியம்' என்ற பெயரை எடுப்போம். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. யூனிகோட்டில் உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே பைதனின் 'லென்' 12 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைற்று. கோப்பில் அந்தப் பெயர் பிடிக்கும் இடம் 36 பைற்று. இருபதில் வெட்டினால் 'சிவபாக' வரை ஆறு குறியீடுகள் தப்பும். ஏழாவதான புள்ளிக்கு இரண்டு பைற்றுத்தான் மிஞ்சும். அந்தக் குறைத்துண்டுதான் கேள்விக்குறியாகத் தெரிந்தது.

உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்தால் நல்லது. 'கெட்சைஸ்' தருவது பைற்றுக் கணக்கு. விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரி முடிவுக்கும் இன்னும் இரண்டு பைற்று சேரும். 'லென்' தருவது குறியீட்டுக் கணக்கு. அதுவும் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால்தான் சரியாக வரும். இரண்டுமே நாம் வாயால் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. பெயர்களை நீளத்தால் வெட்டாமல், வரிக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

மூலக் கோப்பின்மேல் எழுதாமல் விட்டிருந்ததால் தப்பினேன். சிலருடைய பெயர் அந்தப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. அதையும் பாதியில் வெட்ட எனக்கு என்ன உரிமை?