காற்றைச் சேமிக்கும் வங்கி

மின்சாரத்தைக் கணக்கில் போட்டு வைத்து ஏழு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் நகைக்கத் தோன்றும். உற்பத்தியான நொடியிலேயே செலவழிந்தாக வேண்டிய சரக்கு அது. ஆயினும், சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர், தேவர்குளம் வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாலையோரம் சுழலும் காற்றாலைகள் பலவற்றின் வரவு செலவு இந்த விந்தையான ஏற்பாட்டில்தான் நிற்கிறது. மின்வாரிய வட்டாரத்தில் இதற்கு ‘பேங்கிங்’ என்றே பெயர்.

ஒரு நூற்பாலை இங்கே காற்றாலை நிறுவுகிறது என்று கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, ஆலையின் தேவைக்கு மேல் மின்சாரம் கிடைக்கிறது. உபரி, வாரியத்தின் கம்பிகளில் கலந்து யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறியைச் சுழற்றிவிடுகிறது. ஆலையின் கணக்கில் மட்டும் அத்தனை யூனிட் வரவு. காற்று ஓய்ந்த ஜனவரியில் ஆலை வாரியத்திடம் மின்சாரம் பெற்று அந்த வரவில் கழித்துக்கொள்கிறது. ஆக, சேமிக்கப்படுவது மின்சாரமன்று, ஒரு வாக்குறுதி. கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும்.

இந்த வங்கி வட்டி தருவதில்லை, முதலையே குறைக்கிறது. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஆணைப்படி சேமிப்புக் கட்டணம் 14 சதவீதம். அதுவும் யூனிட்டாகவே கழிக்கப்படும். நூறு போட்டால் எண்பத்தாறு. அப்படியும் ஆலைகள் இதை விடாப்பிடியாகக் கேட்பதற்குக் காரணம் எளிது: ஜூன் மாத உபரிக்குச் சந்தையில் கிடைக்கும் விலையைக் காட்டிலும், ஜனவரியில் உயரழுத்த இணைப்புக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் மிக அதிகம்.

வாரியம் ஏன் இணங்கியது? 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முன்மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்ட காலத்தில் வாரியத்திடம் மின்சாரமும் குறைவு, முதலீடும் குறைவு. வருமான வரியில் தேய்மானச் சலுகை பெற்ற தனியார் தம் பணத்தில் ஆலை நிறுவ, வாரியத்துக்குச் செலவின்றி மின்சாரம் வந்தது. காற்று வீசும் நாளில் நிலக்கரியை மிச்சப்படுத்தலாம். அணை நீரைத் திறக்காமல் வைக்கலாம். உண்மையில் அந்த வங்கியின் பெட்டகம் அணைகளே.

இன்று நிலைமை வேறு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. பருவ காலத்தில் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரங்கள் உண்டு. மறுபுறம், பற்றாக்குறை மாதங்களின் மாலை வேளையில் மின்சந்தையில் ஒரு யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிறது. அறுவடையில் ஒரு மரக்கால் நெல்லை வாங்கிக்கொண்டு, பஞ்சத்தில் ஏறக்குறைய அதே மரக்காலைத் திருப்பித் தருவதற்கு ஒப்பானது இது. இடைவெளியைச் சுமப்பவர்கள் பிற நுகர்வோர். சங்கரன்கோவிலின் சிறு கடைக்காரரும் அவர்களில் ஒருவர். அதனால்தான் 31.3.2018க்குப் பின் இயங்கத் தொடங்கிய காற்றாலைகளுக்கு ஓராண்டுச் சேமிப்பு மறுக்கப்பட்டது. முதலீட்டாளர் தரப்பின் மனக்குறையையும் தள்ளிவிட முடியாது. வாக்குறுதியை நம்பித்தானே இரும்புக் கோபுரங்கள் எழுந்தன?

சேமிப்பை ஒழிப்பதைவிட, அதற்கு நாணய மாற்று விகிதம் போன்ற ஒன்றை வகுப்பதே சரி என்பது என் கருத்து. ஜூன் நள்ளிரவு யூனிட்டும் பிப்ரவரி மாலை யூனிட்டும் வெவ்வேறு நாணயங்கள். முன்னதில் ஒன்றரை கொடுத்தால் பின்னதில் ஒன்று என்று வைத்தால் என்ன? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனைமலைப் பகுதியிலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், மலிவான நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் கீழே விடுகிறது. அது உற்பத்தி செய்வதைவிடச் செலவழிப்பதே அதிகம். இருந்தும் அதை நட்டக் கணக்கு என்று எவரும் மூடச் சொல்லவில்லை. ஜெர்மனியில் காற்றும் வெயிலும் மிகுந்த மணிநேரங்களில் மின்சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது. அதாவது, மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்குப் பணம்.

விகிதம் மாதவாரியாக ஓராண்டு முன்னரே தெரிந்தால், நூற்பாலைகள் பராமரிப்பு விடுமுறையைப் பிப்ரவரிக்கு மாற்றிக்கொள்ளும். ஜூனில் முழு வீச்சில் ஓடும். அடுத்த காற்றாலை ஆணைக்கு முன், அத்தகைய பட்டியல் ஒன்றை வரைவாகவேனும் வெளியிட்டு ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கலாம்.