வலி போனதும் ராக்கெட்டைத் தொடாதீர்கள்

அறுபதைத் தாண்டியும் நீச்சல், டென்னிஸ், கோல்ஃப் என்று விடாமல் ஆடுகிறவர்கள் இன்று நிறையப் பேர். தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, செயற்கை மூட்டுதான் வழி என்று டாக்டர் சொன்னதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: 'மறுபடி ஆட முடியுமா?' பெரும்பாலோரால் முடியும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவசரப்படுவதில்தான் ஆபத்து.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது உட்காரும் குழியோ சின்னது, ஆழமில்லாதது. தலையை நழுவாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள். வழக்கமான அறுவை சிகிச்சையில், மூட்டுக்குள் போவதற்காக முன்பக்கத் தசைநாணை விடுவிப்பார்கள். உலோகப் பந்தும் பிளாஸ்டிக் குழியும் பொருத்தியபின் அதைத் திரும்பத் தைப்பார்கள். எப்போது ஆடலாம் என்பது பெரும்பாலும் இந்தத் தையலைப் பொறுத்தது.

தேய்ந்த எலும்புகள் உரசிய பழைய வலி சில வாரங்களிலேயே அடங்கிவிடும். நாண் எலும்போடு ஒட்டிப் பலப்படவோ மாதக்கணக்காகும். 'வலிதான் இல்லையே' என்ற தெம்பு இங்கேதான் ஏமாற்றுகிறது. ஸ்லிங்கில் இருக்கும் முதல் ஆறு வாரங்களில் நாற்காலியில் கை ஊன்றி எழுவதும், கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையைச் சொருகுவதும்கூடத் தையலை இழுக்கும். அது விட்டுப்போனால் தோள் முன்பக்கம் நழுவலாம். மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான்.

நாண்கள் ஏற்கெனவே கிழிந்தவர்களுக்கு வேறு வகை மூட்டு உண்டு. 1985-இல் பிரான்ஸின் திஜோன் நகர மருத்துவர் பால் கிராமோன், பந்தையும் குழியையும் இடம் மாற்றிப் பொருத்தினார். கையைத் தூக்கும் வேலையை டெல்டாய்டு தசை ஏற்றுக்கொள்கிறது. கை மேலே போகும்; சுழற்சி பழையபடி இருக்காது. விளையாட்டுக்குத் திரும்புவோர் விகிதமும் இதில் குறைவு.

கோல்ஃபில் மெதுவான 'புட்' சுமார் மூன்று மாதத்தில், முழு வீச்சு ஆறு மாதம் நெருங்கும்போது. நீச்சலில் மார்பு நீச்சல் முதலில், தலைக்கு மேல் கை வீசும் ஃப்ரீஸ்டைல் பிறகு. டென்னிஸில் ஒற்றையரைவிட இரட்டையர் நல்லது. கனமான எடையைப் படுத்தபடி தள்ளும் பயிற்சியை விட்டுவிடுவதே என் கட்சி. ஏனென்றால், பிளாஸ்டிக் குழி தளர்வதுதான் வழக்கமான செயற்கை மூட்டின் பெரிய பலவீனம்.

எந்த மூட்டு பொருத்துவது என்று முடிவாகும் முன்பே, என்ன ஆடுகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கையால் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும் வரை ராக்கெட் அலமாரியிலேயே இருக்கட்டும்.