அல்ப்ஸ் மலைவீடுகள்: வாடகையையல்ல, அடக்க விலையைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்கும் எந்த வியாபாரியும் விலைப்பட்டியலில் உள்ள தொகையை மட்டும் வைத்து இலாபம் பார்ப்பதில்லை. கப்பற் கூலி, சுங்கத் தீர்வை, துறைமுகக் கட்டணம், லொறிக் கூலி அனைத்தையும் கூட்டி, கடைக்கு வந்து சேரும் அடக்க விலையைத்தான் கணக்கிடுவார். அதே வியாபாரி குடும்பத்துடன் விடுமுறைக்குப் புறப்படும்போது மட்டும் 'ஓரிரவுக்கு இவ்வளவு' என்ற ஒற்றைத் தொகையைப் பார்த்துத் தங்குமிடத்தைத் தீர்மானித்து விடுகிறார். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் செல்ல எண்ணுபவர்களுக்கு இந்தப் பழக்கம் நட்டத்தையே தரும்.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஒஸ்திரியா, ஜேர்மனி உட்பட எட்டு நாடுகளில் அல்ப்ஸ் பரந்து கிடக்கிறது. அங்குள்ள பழைய வீடுகளின் அடித்தளம் கல்லாலும் மேற்தளம் மரத்தாலும் ஆனது. சுவரைத் தாண்டி நீளும் அகன்ற கூரை, மரத்தை மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காக்கும். இவ்வீடுகளை 'ஷலே' என்பார்கள். கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் செல்லும் இடையர்களின் குடிசைக்கே முதலில் இப்பெயர் இருந்தது. இன்று இது ஒரு வியாபாரப் பெயராகி விட்டது. 'பாரம்பரிய மலைவீடு' என்ற ஒரே விளம்பரத்தின் கீழ் நான்கு வேறுபட்ட பண்டங்கள் விற்கப்படுகின்றன.

நான்கு வகைகள்

முதலாவது, முழு வீட்டையும் வாடகைக்குத் தரும் ஷலே. சமையலறை உண்டு. பெரும்பாலும் வாரக் கணக்கில், சனி முதல் சனி வரை கொடுப்பார்கள்.

இரண்டாவது, பண்ணை வீடு. மலைநாட்டு விவசாயிகள் பாலையும் வைக்கோலையும் மட்டும் நம்பியிராமல், வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விட்டு மேலதிக வருமானம் தேடுகிறார்கள். இத்தாலியின் தென் தைரோலில் விவசாயிகள் சங்கம் 'சிவப்புச் சேவல்' என்ற பொதுச் சின்னத்தின் கீழ் இவற்றை ஒன்று சேர்த்துள்ளது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் போல இவற்றின் தரம் பூக்களின் எண்ணிக்கையால் காட்டப்படும்.

மூன்றாவது, ஊர் நடுவே குடும்பத்தினர் நடத்தும் விருந்தினர் விடுதி. காலை, இரவு உணவுடன் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம்.

நான்காவது, மலையேறுவோருக்கான குடில்கள். 1863இல் தொடங்கிய சுவிஸ் அல்பைன் கழகத்திடம் மட்டும் சுமார் 150 குடில்கள் உள்ளன. இவற்றில் பலவற்றுக்கு நடந்தே செல்ல வேண்டும். ஆண் பெண் வேறுபாடின்றிப் பொது அறையில் வரிசையாக மெத்தை விரித்துப் படுப்பது அங்கு வழக்கம். உயரத்தில் உள்ளவற்றில் குளிக்க வசதியிராது, தண்ணீரும் அளவோடுதான் கிடைக்கும். வுழூவுக்கும் பெண்களின் தனிமைக்கும் இடமில்லாத இக்குடில்கள், விலை மலிவென்றாலும் எமது குடும்பங்களுக்கு ஏற்றவையல்ல.

ஒரு கணக்கு

பெரியவர்கள் ஐந்து பேர் ஏழு இரவு தங்குவதாக வைத்துக் கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்கானவை மட்டுமே. ஷலேயின் வார வாடகை 1,200 யூரோ. இறுதித் துப்புரவுக் கட்டணம் 120. படுக்கை விரிப்பு, துவாய்க்கு ஆளுக்கு 15 வீதம் 75. தலைக்கு, இரவுக்கு ஊராட்சி அறவிடும் சுற்றுலா வரி 2.50 வீதம் 87.50. ஆக 1,482.50. சமையல் சாமான் 350, மேட்டிலுள்ள வீடாகையால் வாகன வாடகை 350 சேர்த்தால் 2,182.50 யூரோ.

விருந்தினர் விடுதியில் தலைக்கு 70 யூரோ என்றால் 2,450. வரியுடன் 2,537.50. பஸ் தரிப்பிடம் அருகில் இருப்பதால் வாகனம் தேவையில்லை. விளம்பரத்தில் 1,200க்கும் 2,450க்கும் இடையே தெரிந்த இடைவெளி, உண்மையில் 355 யூரோதான்.

இதே பயணத்தை இருவர் மட்டும் மேற்கொண்டால் கணக்குத் தலைகீழாகும். விடுதிக்கு வரியுடன் 1,015 யூரோ. ஷலேக்கோ உணவும் வாகனமும் சேர்க்காமலே 1,385. முழு வீட்டின் வாடகை ஆள் குறைந்தால் குறையாது என்பதே காரணம்.

சமையலறையின் பெறுமதி

எமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விடுதிக்குக் கட்டும் பணத்தில் இரவு உணவும் அடக்கம். ஆனால் தென் தைரோலின் புகழ்பெற்ற 'ஷ்பெக்' பன்றி இறைச்சியாகும். சுவிட்சர்லாந்தின் உருக்கிய பாற்கட்டி உணவான 'ஃபொண்டூ' வழமையாக வெள்ளை வைன் சேர்த்தே செய்யப்படுகிறது. உண்ண முடியாத உணவுக்குப் பணம் கொடுப்பது வீண்விரயம். எனவே விடுதியை விரும்புவோர் காலையுணவு மட்டும் என்று பேசிக் கொள்வது நல்லது.

சுவிட்சர்லாந்தில் மயக்கமூட்டாமல் மாடு, ஆடு அறுப்பதற்கு 1893ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் பின் தடையுள்ளது. அங்கு ஹலால் இறைச்சி இறக்குமதியாக வருகிறது. நகரக் கடைகளில் கிடைக்கும், மலைக் கிராமத்தில் எதிர்பார்க்க முடியாது. நகரைக் கடக்கும்போதே வாங்கிச் செல்வது புத்திசாலித்தனம். அதற்குச் சமையலறையும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள ஷலே அல்லது பண்ணை வீடே பொருந்தும்.

முற்பணம் கட்டுமுன்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா அவசியம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திருப்பித் தரப்படாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் தங்குமிடச் சான்றும் காட்ட வேண்டும். சான்று தேவையென்பதற்காக, இரத்துச் செய்ய முடியாத முன்பதிவில் முழுப் பணத்தையும் கட்டி விடாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் அதுவும் போய்விடும். எந்தத் திகதி வரை இரத்துச் செய்யலாம் என்பதை எழுத்தில் பெறுங்கள். அறிமுகமில்லாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமுன், அப்படியொரு வீடு உண்டா என்று அவ்வூர்ச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை ஐந்து: துப்புரவுக் கட்டணம் எவ்வளவு? வரி தலைக்கு எவ்வளவு? விரிப்பும் வெப்பமூட்டலும் வாடகையில் அடக்கமா? பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம்? விருந்தினர் அட்டை உண்டா? பல ஊர்களில் தங்குவோருக்கு வழங்கப்படும் இந்த அட்டையைக் காட்டி உள்ளூர் பஸ்ஸில் இலவசமாகச் செல்லலாம். அது கிடைத்தால் வாகனச் செலவு பெருமளவு மிச்சமாகும்.

கிறிஸ்மஸ், புதுவருடம், பெப்ரவரிப் பாடசாலை விடுமுறை ஆகியவை பனிச்சறுக்கு காலம் என்பதால் வாடகை உச்சத்தில் இருக்கும். மே, நவம்பர் மாதங்களில் பல விடுதிகள் மூடப்பட்டிருக்கும். மாடுகள் மலையிலிருந்து இறங்கும் செப்டெம்பரில் கோடைக் கூட்டம் குறைந்து விடும். பேரம் பேசவும் அதுவே நல்ல காலம். ஹலாலாக உழைத்த பணம் செலவாகும் இடத்திலும் கணக்கோடு செலவாகட்டும்.