கார்க் கண்ணாடி ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

பட்டனை அழுத்துகிறீர்கள். கதவுக்குள் ஒரு முனகல். பழைய காரின் கண்ணாடி பாதி ஏறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து அழுத்தினால் சமர்த்தாக ஏறுகிறது! எப்படி?

கதவுக்குள் ஒரு குட்டிக் கிணறு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிதான் வாளி. பல கார்களில் மெல்லிய கம்பிக்கயிறு அதை இழுக்கிறது. கயிற்றைச் சுற்றுவது 12 வோல்ட் மோட்டார். மின்சாரம் பாயும் திசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும், கண்ணாடி இறங்கும்.

கயிற்றை விட்டால் வாளி விழுமே, கண்ணாடி ஏன் விழுவதில்லை? மோட்டாரின் அச்சு திருகாணிபோல் புரிகொண்டது. அது பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரத்தால் அச்சைத் திருப்பிச் சுழற்ற முடியாது.

வயதானால் கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் இறுகும், தூசி அடையும். மோட்டார் திணறிச் சூடாகும். பல மோட்டார்களில் உள்ள வெப்பக் காப்பு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் இணைக்கும். அந்தப் பத்து நிமிடம் இதற்குத்தான்.

ஆகவே முதலில் தடத்தைத் துடையுங்கள். புது மோட்டார் செலவே மிச்சமாகலாம்!

மாற்றித்தான் ஆகவேண்டுமா? கழற்றுமுன் கண்ணாடியைக் கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டுங்கள். பூட்டாக இருந்ததே அந்த மோட்டார்தான். கயிற்றுக்குப் பதில் கத்தரிக்கோல் மாதிரிக் கைகள் கொண்ட அமைப்பானால் அவற்றையும் கட்டிவையுங்கள். அதிலுள்ள சுருள்வில் விடுபட்டால் விரல் தப்பாது.