பால்மரத்தின் பிறந்த வீட்டுக்கு ஒரு குடும்பப் பயணம்

விடியுமுன் எழுந்து, நிரை பிடித்து, பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் நம் குடும்பங்கள். நம்மைப் போலவே அந்த மரமும் கடல் தாண்டி வந்ததுதான். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவில், பிரேசில் நாட்டின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு, 1877-இல், கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு நடந்தது நம் தாத்தா பாட்டிமார் அறிந்த கதை.

அந்தக் காட்டின் நடுவில் இருக்கும் பெரிய நகரம் மனாவுஸ். சுமார் இருபது இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். நாம் காலையில் பசியாறும்போது அவர்கள் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள்.

இவ்வளவு தூரம் போக நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். செலவு பெரிதுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பிள்ளைகள் தலையெடுத்து, பட்டணத்திலோ சிங்கப்பூரிலோ சம்பாதித்து, மரம் வெட்டிய தாய் தகப்பனை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் இன்று பல உண்டு. ஈராண்டு மூவாண்டு கூட்டுக் கட்டிச் சேர்த்தால் எட்டு நாள் பயணம் எட்டாத காரியமல்ல. போக வர நான்கு நாள், ஊரில் நான்கு நாள் என்று கணக்கு வையுங்கள்.

முதலில் ஊசி, பிறகு டிக்கெட்

பலர் டிக்கெட்டை வாங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். இந்தப் பயணத்துக்கு அது ஆகாது. பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் என்ற நோய் உண்டு, கொசுவால் பரவுவது. அங்கிருந்து திரும்புகிறவர்கள் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது மலேசியாவின் விதி, சிங்கப்பூரிலும் அப்படியே. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சான்றிதழ் இல்லாதவரைத் தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும்.

ஆனால் இந்த ஊசி எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குப் போடக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முட்டை ஒவ்வாதவர்கள், அறுபது வயது கடந்தவர்கள், புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கலந்து பேச வேண்டும். யாருக்காகப் பயணமோ அந்தத் தாத்தாவுக்கே ஊசி கூடாது என்று டாக்டர் சொல்லலாம். அதைப் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? மலேரியாவுக்கு என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். விசா விவரத்தைப் பிரேசில் தூதரகத்தில் நேராகக் கேளுங்கள்.

போகும் வழி

கோலாலம்பூரிலிருந்து பிரேசிலுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் அல்லது டோஹா சென்று, அங்கிருந்து பதினான்கு பதினைந்து மணி நேரம் பறந்து சாவோ பாவ்லோ போக வேண்டும். அங்கே மாறினால் மனாவுஸுக்கு இன்னும் நான்கு மணி நேரம். குடிநுழைவு, சுங்கம் எல்லாம் சாவோ பாவ்லோவில் முடியும். பெட்டிகளை அங்கே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இடையில் நாலைந்து மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் வாங்குங்கள். அமெரிக்கா வழியாக மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

எந்த மாதம்

டிசம்பர் முதல் மே வரை மழை. ஆறு ஜூன் மாதத்தில் உச்சத்துக்கு ஏறி, அக்டோபர், நவம்பரில் அடிமட்டத்துக்கு இறங்கும். 2021 ஜூனில் ஆற்றின் அளவுகோல் 30 மீட்டரைத் தாண்டியது; 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே போனது; 2024-இல் அதற்கும் கீழே இறங்கியது. அவ்வளவு வற்றினால் சில இடங்களுக்குப் படகே போகாது. ஆகவே மழை விட்டு, தண்ணீர் இன்னும் நிறைந்திருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களே குடும்பங்களுக்கு ஏற்றவை. வெயில் நம் ஊர் வெயில்தான். கம்பளி ஆடை வேண்டாம்.

நான்கு நாள் திட்டம்

முதல் நாள் ஓய்வு. இரவு பகலாக மாறிவிடுவதால் பிள்ளைகள் அலுத்துப் போவார்கள். மாலையில் அமேசான் நாடக அரங்கைப் பாருங்கள். உலகத்துக்கு ரப்பர் கொடுத்த முக்கிய இடமாக அமேசான் இருந்த காலத்தில், 1896-இல் திறக்கப்பட்டது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. கூரைக் கவிகையில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள். நடுக்காட்டில் இப்படி ஒரு மாளிகை எழுந்தது பால்மரத்துப் பணத்தில்தான்.

இரண்டாம் நாள் ஆறு. கறுப்பு நிற ரியோ நெக்ரோவும், பால் கலந்த தேநீர் நிறத்துச் சொலிமோயிஸும் நகருக்கு அருகே சந்திக்கின்றன. இரண்டுக்கும் வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறு என்பதால், ஆறு கிலோமீட்டருக்கு மேல் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. படகில் பிள்ளைகளுக்கு மிதவை அங்கி போட்ட பிறகே புறப்பட விடுங்கள். திரும்பி வந்து, 1883-இல் திறந்த ஆற்றங்கரை இரும்புச் சந்தையைச் சுற்றலாம்.

மூன்றாம் நாள் நமக்கு முக்கியமான நாள். பொன்ட்டா நெக்ரா பக்கத்துப் படகுத்துறையிலிருந்து அரை மணி நேரத்தில் விலா பராயிசோ ரப்பர் அருங்காட்சியகம். ஒரு திரைப்படத்துக்காகப் பழைய ரப்பர் முதலாளியின் இடத்தைப் போலக் கட்டியது, பிறகு அருங்காட்சியகமாயிற்று. முதலாளி வீடு, தொழிலாளி குடிசை, புகைக் கொட்டகை, கடை எல்லாம் இருக்கின்றன. அங்கே தோட்டம் கிடையாது. மரங்கள் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். தொழிலாளி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாகத் தேடி நடந்து வெட்டினான். பாலை நெருப்புப் புகையில் காட்டிக் காட்டி உருண்டையாக்கினான். அரிசி, மாவு, கத்தி எல்லாம் முதலாளி கடையில் கடன். அந்தப் பற்று தீரவே தீராது. அந்தக் கடையைப் பார்க்கும்போது தோட்டத்துப் பெரியவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

நான்காம் நாள் நகர எல்லையில் உள்ள அமேசான் அருங்காட்சியகம். 42 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினால் காட்டின் உச்சி கடல்போல் விரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நிழலில் உட்காரலாம்.

சாப்பாடும் பத்திரமும்

சோறும் அவரைக் குழம்பும் அங்கே அன்றாட உணவு. ஆற்று மீன் ருசியானது. தம்பாக்கி என்ற மீனைக் கேட்டு வாங்குங்கள். மரவள்ளி மாவு இல்லாத சாப்பாடு இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் நம் பெரியவர்களின் உயிரைக் காத்த மரவள்ளிக்கும் தென்னமெரிக்காதான் தாய்நாடு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் அவரையிலும் இறைச்சி கலந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, 'செம் கார்னி' (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லுங்கள். தட்டில் எடுத்ததை நிறுத்து விலை போடும் கடைகளில் கண்ணால் பார்த்து எடுக்கலாம், செலவும் கையடக்கம். பேசும் மொழி போர்த்துக்கீசியம். நன்றிக்கு ஆண்கள் 'ஒப்ரிகாடோ' என்றும் பெண்கள் 'ஒப்ரிகாடா' என்றும் சொல்வார்கள்.

நகைகளை வீட்டிலேயே பூட்டிவிடுங்கள். தாலிக்கொடி போடும் தாய்மார்கள் அந்த எட்டு நாளும் மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வது நலம். இருட்டிய பிறகு துறைமுகப் பக்கம் நடக்க வேண்டாம்.

திரும்பும்போது ஒரு விதைகூட வேண்டாம்

கடைசியாகச் சொல்வது எல்லாவற்றிலும் பெரியது. பிரேசிலில் ஏன் நம்மைப் போல ரப்பர் தோட்டங்கள் செழிக்கவில்லை? தென்னமெரிக்க இலைக்கருகல் என்ற பூசண நோய்தான் காரணம். மரங்கள் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும்போது அது அவ்வளவாகப் பரவாது. நிரையாக நட்டால் மரத்துக்கு மரம் தாவி இலையை உதிர்த்துவிடும். மோட்டார் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசானில் தொடங்கிய பெருந்தோட்டத்தை அழித்ததில் இந்நோய்க்குப் பெரும் பங்குண்டு. 1945-இல் அதை அவர் குடும்பம் கைவிட்டது.

அந்த நோய் நம் நாட்டுக்கு இதுவரை வரவில்லை. வந்தால் தோட்டக்காரரும் சிறுதோட்டக்காரரும் ஒருசேர நிற்கதியாவோம். அதனால்தான் அந்தப் பகுதியின் செடி, விதை, மண் எதையும் அனுமதியின்றிக் கொண்டுவரச் சட்டம் தடை போடுகிறது. மரத்தடியில் கிடக்கும் புள்ளி போட்ட விதையைப் பார்த்ததும் நினைவுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்று பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை நீளும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்டுக்குள் உடுத்திய துணிகளை அங்கேயே சோப்புப் போட்டுத் துவையுங்கள். காலணி அடியில் ஒட்டிய மண்ணையும் இலையையும் கழுவித் துடையுங்கள். வீடு திரும்பியதும் அதே காலணியோடு பால்மரக் காட்டுக்குள் போகாதீர்கள்.

படங்கள் எடுத்து வாருங்கள். கதைகள் கொண்டு வாருங்கள். மரத்தை அதன் பிறந்த வீட்டில் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதே நம் தோட்டங்களுக்கு நாம் செய்யும் உபகாரம்.